பிரித்தானியாவில் வாகனம் ஓட்டுவோருக்கு: தண்டக் கடிதம் வந்தால் செய்ய வேண்டியவை

வேகக் கமராவில் அகப்பட்டதற்காகப் பொலிஸார் அனுப்பும் அறிவித்தல், கவுன்சில் விதிக்கும் தரிப்புத் தண்டம், கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தை நடத்தும் தனியார் நிறுவனத்தின் கட்டணக் கோரிக்கை ஆகிய மூன்றும் ஒரே மாதிரியான உறையில், ஒரே மாதிரியான கடுமையான மொழியில், வாகனத்தின் படத்துடனோ கட்ட வேண்டிய தொகையுடனோ வந்து சேர்கின்றன. ஆனால் முதலாவது குற்றவியல் சட்டத்தைச் சேர்ந்தது. சாரதி அனுமதிப்பத்திரத்தில் தண்டனைப் புள்ளிகளை ஏற்றக்கூடியது. இரண்டாவது கவுன்சிலுக்குச் சட்டம் தந்த அதிகாரத்தில் விதிக்கப்படும் குடியியல் தண்டம். அதற்குப் புள்ளிகள் இல்லை. மூன்றாவது, நீங்கள் ஓர் ஒப்பந்தத்தை மீறினீர்கள் என்று ஒரு நிறுவனம் முன்வைக்கும் பணக் கோரிக்கை மட்டுமே. ஆகவே கடிதத்தைக் கண்டதும் தொகையைப் பார்ப்பதற்கு முன், அதை அனுப்பியவர் யார், எந்தச் சட்டத்தை மேற்கோள் காட்டுகிறார், எத்தனை நாட்களுக்குள் பதில் கேட்கிறார் என்ற மூன்றையும் தேடிப் படியுங்கள். பொலிஸாரின் கடிதத்தைத் தனியார் கோரிக்கை என்று எண்ணி மேசையில் போட்டு வைப்பவரும், தனியார் கோரிக்கையைப் பொலிஸ் தண்டம் என்று பயந்து அன்றே பணம் கட்டுபவரும் நம்மவரிடையே ஏராளம். இருவருக்கும் நட்டம்தான், முதலாமவருக்கு அது அனுமதிப்பத்திரத்தையே பறிக்கும் அளவுக்குப் போகலாம்.

கீழே சொல்பவை பெரும்பாலும் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்துபவை. ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் நீதிமன்ற நடைமுறையும் சில விதிகளும் வேறுபடும் என்பதால், அங்கே வசிப்பவர்கள் அந்த நாட்டுக்குரிய விதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு வேலை இருக்கிறது. வீடு மாறியவர்கள் வாகனப் பதிவுப் புத்தகமான வி5சி-யிலும் சாரதி அனுமதிப்பத்திரத்திலும் முகவரியைத் தனித்தனியாக மாற்ற வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறுவதில்லை. வாகன, சாரதிப் பதிவுகளை வைத்திருக்கும் அரச அமைப்பான டி.வி.எல்.ஏ. இதற்குக் கட்டணம் எடுப்பதில்லை. மாற்றாமல் விட்டால் 1,000 பவுண் வரை தண்டம் விதிக்கலாம். உண்மையான இழப்பு அந்தத் தண்டத்தைவிடப் பெரியது. பழைய வாடகை வீட்டுக்குப் போன கடிதங்களுக்குப் பதில் இல்லாதபோது நீதிமன்றம் உங்கள் பின்னால் தீர்ப்பு வழங்கிவிடும்; காப்புறுதியைப் புதுப்பிக்கும்போதோ வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போதோதான் அது தெரியவரும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு செயலை இன்றே செய்து முடிக்க வேண்டும் என்றால், அது இந்த முகவரி மாற்றம்தான்.

பொலிஸாரிடமிருந்து வரும் கடிதம்

கமராவில் பதிவான வேகமீறலுக்கு வரும் முதற்கடிதத்தில் வழக்கமாக இரண்டு ஆவணங்கள் ஒன்றாக இருக்கும். ஒன்று, உங்கள்மீது வழக்குத் தொடரும் எண்ணம் உண்டு என்று தெரிவிக்கும் அறிவித்தல், இதை என்.ஐ.பி. என்பார்கள். மற்றது, 1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 172ஆம் பிரிவின் கீழ், அந்த நேரத்தில் வாகனத்தை ஓட்டியவர் யார் என்று கேட்கும் கோரிக்கை. இவை தனித்தனிக் கடமைகள் என்பதை அறியாமல்தான் பலர் இடறுகிறார்கள்.

என்.ஐ.பி. குற்றம் நிகழ்ந்த 14 நாட்களுக்குள் வாகனப் பதிவில் பெயர் உள்ளவரின் கையில் சேர வேண்டும் என்பது பொதுவிதி. அந்த இடத்திலேயே பொலிஸ் அதிகாரி வாய்மொழியாக எச்சரித்திருந்தால் அல்லது சாரதி அறிந்த ஒரு விபத்து அதே வேளையில் நிகழ்ந்திருந்தால் இந்த விதி பொருந்தாது. 14 நாள் என்பது முதற்கடிதத்துக்கு மட்டுமே உரியது. வாகனம் குத்தகை நிறுவனத்தின் பெயரிலோ வேலைத்தலத்தின் பெயரிலோ இருந்தால், அவர்களுக்கு உரிய காலத்தில் கடிதம் போயிருக்கும். அவர்கள் உங்கள் பெயரைக் கொடுத்த பிறகு உங்களுக்கு வரும் கடிதம் ஒரு மாதம் தாமதமாக வந்தாலும் அது செல்லும். பழைய முகவரியை மாற்றாமல் விட்டதால் ஏற்பட்ட தாமதமும் உங்களுக்குத் துணைவராது. முதல் வகுப்புத் தபாலில் அனுப்பிய கடிதம் இரண்டு வேலை நாட்களில் சேர்ந்துவிட்டது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. அதனால் உறையை எறியாதீர்கள்; வந்து சேர்ந்த திகதியை அதன்மேலேயே எழுதி வையுங்கள்.

கடிதம் 14 நாட்களுக்குப் பிறகுதான் வந்தது என்று உறுதியாகத் தெரிந்தாலும், ஓட்டியவர் யார் என்ற கேள்விக்குப் பதில் அனுப்பியே ஆக வேண்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 172ஆம் பிரிவின் கீழான பதிலுக்குத் தரப்படும் காலம் 28 நாட்கள். பதில் தராவிட்டால் அதுவே தனிக் குற்றமாகி 6 புள்ளிகளையும் 1,000 பவுண் வரையான தண்டத்தையும் கொண்டுவரும், அனுமதிப்பத்திரத்தில் எம்.எஸ்.90 என்ற குறியீடு ஏறும். சாதாரண வேகமீறலுக்கு 3 புள்ளிகளும் 100 பவுணும்தான். ஆக, மௌனம் குற்றத்தைவிட இரண்டு மடங்கு புள்ளிகளைத் தருகிறது. காப்புறுதி நிறுவனங்கள் அந்தக் குறியீட்டைக் கண்டால் கட்டணத்தையும் கடுமையாக உயர்த்துகின்றன.

படிவத்தை நிரப்பிக் கையொப்பமிடுங்கள். கையொப்பம் இல்லாத படிவம் பதிலாக ஏற்கப்படாமல் போகலாம். அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, தபாலகத்தில் அனுப்பியதற்கான சான்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அந்தச் சீட்டு இலவசம். பொலிஸ் பிரிவு இணையவழிப் பதிலை ஏற்றால், உறுதிப்படுத்தும் பக்கத்தைச் சேமித்து வையுங்கள்.

வீட்டில் ஒரே வாகனத்தை மூன்று நான்கு பேர் ஓட்டுவது நம் குடும்பங்களில் வழக்கம். அன்று ஓட்டியவர் யார் என்று நினைவில்லை என்பது தானாகவே ஒரு தற்காப்பு ஆகாது. கண்டறிய நியாயமான அளவுக்கு முயன்றும் முடியவில்லை என்று நீங்கள் காட்ட வேண்டும். கைபேசியின் இடப்பதிவு, வங்கி அட்டைச் செலவு, வேலை நேர அட்டவணை, பிள்ளைகளின் பாடசாலை நாட்குறிப்பு ஆகியவற்றைப் பார்த்து, பார்த்த ஒவ்வொன்றையும் எழுதி வையுங்கள். படம் இருந்தால் அடையாளம் காண உதவும் என்று பொலிஸாரிடம் பணிவாகக் கேட்கலாம். ஆனால் பல படங்கள் வாகனத்தின் பின்புறத்தையே காட்டும், படம் வரும்வரை 28 நாள் கணக்கு நிற்பதும் இல்லை.

மனைவியின் புள்ளிகளைக் கணவனும், மகனின் புள்ளிகளைத் தாயும் ஏற்றுக்கொள்வது பாசத்தின் பேரில் செய்யும் சிறு உதவி என்று சிலர் நினைக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அது நீதியின் போக்கைத் திரிக்கும் குற்றம். அதற்கு வழக்கமான தண்டனை சிறை. முன்னாள் அமைச்சர் கிறிஸ் ஹூனும் அவருடைய அப்போதைய மனைவி விக்கி பிரைஸும் 2003இல் நிகழ்ந்த ஒரு வேகமீறலின் புள்ளிகளை இடம்மாற்றிக்கொண்டதற்காக, பத்து ஆண்டுகள் கழித்து 2013 மார்ச்சில் தலா எட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார்கள். மூன்று புள்ளிகளுக்காக ஒரு குடும்பத்தையே அந்த இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். புள்ளிகளை விற்பதாகச் சொல்லும் இடைத்தரகர்களிடமிருந்தும் பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள்.

ஓட்டியவரின் பெயரைக் கொடுத்த பிறகு, வேகத்தைப் பொறுத்து மூன்று வழிகளில் ஒன்று திறக்கும். மணிக்கு 30 மைல் எல்லை உள்ள வீதியில் 31 மைலில் போவதும் குற்றமே. ஆயினும் பொலிஸ் தலைமையின் வழிகாட்டுதலின்படி, எல்லையோடு அதன் பத்தில் ஒரு பங்கையும் மேலும் 2 மைலையும் கூட்டி வரும் வேகத்திலிருந்தே, அதாவது 30 மைல் வீதியில் 35இலிருந்தே, பெரும்பாலும் நடவடிக்கை தொடங்கும். இது வழிகாட்டுதல் மட்டுமே, உரிமை அல்ல. அதே வீதியில் 42 வரை போனவருக்கு, கடந்த மூன்று ஆண்டுகளில் செய்த வேறு வேகமீறலுக்காக அவர் வகுப்பு எடுத்திருக்காவிட்டால், வேக விழிப்புணர்வு வகுப்பு வழங்கப்படலாம். வகுப்பு கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்: புள்ளிகள் இல்லை, குற்றத்தீர்ப்பும் இல்லை. இருந்தாலும், வகுப்பு எடுத்ததுண்டா என்று காப்புறுதி நிறுவனம் நேரடியாகக் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். வகுப்புக்கு வழியில்லாத வேகத்துக்கு 100 பவுணும் 3 புள்ளிகளும் கொண்ட நிலையான தண்டம் வரும். மேலும் உயர்ந்த வேகத்துக்கு நீதிமன்றம்.

வேல்ஸில் 2023 செப்டம்பர் 17 முதல், மக்கள் வாழும் பகுதிகளின் தெருவிளக்கு உள்ள வீதிகளில் வேறு அறிவிப்பு இல்லாத இடத்தில் எல்லை மணிக்கு 20 மைல். இங்கிலாந்திலிருந்து உறவினர் வீட்டுக்குப் போய்வருபவர்கள் இதில் அடிக்கடி அகப்படுகிறார்கள்.

நீதிமன்றத்தில் தண்டம் வருமானத்தைப் பொறுத்தது. 30 மைல் வீதியில் 40 வரை போனவருக்கு வார வருமானத்தின் பாதியை அடிப்படையாகவும், 41 முதல் 50 வரை போனவருக்கு ஒரு வார வருமானத்தையும், அதற்கு மேல் ஒன்றரை வார வருமானத்தையும் அடிப்படையாகக் கொள்வார்கள். உச்சவரம்பு 1,000 பவுண், நெடுஞ்சாலையில் 2,500. வழக்குச் செலவும் பாதிக்கப்பட்டோர் நிதிக்கான கூடுதல் கட்டணமும் இதனுடன் சேரும். குற்றத்தை ஆரம்பத்திலேயே ஏற்றால் தண்டத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். இவ்வாறான வழக்குகள் இப்போது பெரும்பாலும் ஒற்றை நீதவான் நடைமுறை என்ற பெயரில் கடித மூலமே நடக்கின்றன. அந்தக் கடிதத்துக்கு 21 நாட்களுக்குள் பதில் கொடுக்க வேண்டும். குற்றத்தை மறுத்தால், அல்லது நேரில் விளக்க விரும்பினால், வழக்குத் திறந்த நீதிமன்றத்துக்கு மாறும்.

மூன்று ஆண்டுகளுக்குள் 12 புள்ளிகள் சேர்ந்தால் குறைந்தது ஆறு மாதத் தடை. அதைத் தவிர்க்க விதிவிலக்கான கஷ்டம் என்ற வாதத்தை முன்வைக்கலாம். வேலை போய்விடும் என்று வாயால் சொல்வது மட்டும் போதாது. வேலைகொடுத்தவரின் கடிதம், நோயுற்ற பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச்செல்ல வேறு வழியில்லை என்பதற்கான சான்று, வங்கிக் கணக்குகள் ஆகியவற்றைக் கொண்டுபோக வேண்டும். தடையால் உங்களைவிட மற்றவர்களே துன்பப்படுவார்கள் என்பது நீதவான்களின் மனதில் கூடுதல் எடை பெறும். ஒருமுறை ஏற்கப்பட்ட அதே காரணத்தை அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு மறுபடியும் பயன்படுத்த முடியாது. புதிதாகச் சோதனையில் தேறியவர்களுக்கு வாசல் இன்னும் குறுகியது: தேறிய இரண்டு ஆண்டுகளுக்குள் 6 புள்ளிகள் சேர்ந்தால் அனுமதிப்பத்திரம் ரத்தாகும், எழுத்துச் சோதனையிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும்.

அந்த 6 புள்ளிகள் ஒரே நிமிடத்தில் வரக்கூடிய இடம் கைபேசி. 2022 மார்ச் 25 முதல், வாகனம் ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடித்து எதற்காகப் பயன்படுத்தினாலும் குற்றம்: படம் எடுப்பது, பாட்டு மாற்றுவது, திரையைத் திறந்து நேரம் பார்ப்பது எல்லாமே அடங்கும். சிவப்பு விளக்கில் நிற்பதும் ஓட்டுவதாகவே கருதப்படும். தண்டம் 200 பவுணும் 6 புள்ளிகளும். நிறுத்தி நின்று கட்டணக் கருவியில் பணம் செலுத்துவதற்கும், நிறுத்த முடியாத நிலையில் அவசர உதவிக்கு 999 அழைப்பதற்கும் விலக்கு உண்டு. பதினெட்டு வயதுப் பிள்ளைக்குச் சாவி கொடுக்கும் முன் இந்த ஒரு பத்தியை வாசித்துக் காட்டுங்கள்.

கவுன்சிலின் தண்டம்

மஞ்சள் கோட்டில் நிறுத்தியது, பேருந்துப் பாதையில் போனது, அனுமதி அட்டை இல்லாமல் குடியிருப்போர் வலயத்தில் நிறுத்தியது போன்றவற்றுக்குக் கவுன்சில் விதிக்கும் தண்டம் பெரும்பாலும் 2004ஆம் ஆண்டின் போக்குவரத்து முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் வருவது. கண்ணாடியில் ஒட்டப்பட்ட சீட்டுக்கு 14 நாட்களுக்குள் பணம் கட்டினால் பாதித் தொகை. அந்த 14 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் அனுப்பினால், அது நிராகரிக்கப்பட்டாலும் பெரும்பாலான கவுன்சில்கள் பாதித் தொகை வாய்ப்பை மறுபடியும் தருகின்றன. ஆகவே நியாயமான காரணம் இருப்பவர் முதல் இரண்டு வாரத்துக்குள் எழுதுவதால் இழப்பது எதுவுமில்லை.

கவுன்சில் மறுத்தால், வாகனப் பதிவில் பெயர் உள்ளவருக்கு முறையான அறிவித்தல் வரும். அதற்கு 28 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். அதையும் மறுத்தால் சுயாதீனத் தீர்ப்பாயத்துக்கு 28 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். லண்டனில் அது லண்டன் தீர்ப்பாயங்கள். இங்கிலாந்தின் ஏனைய பகுதிகளுக்கும் வேல்ஸுக்கும் போக்குவரத்துத் தண்டத் தீர்ப்பாயம். கட்டணம் கிடையாது, இணையவழியிலோ தொலைபேசியிலோ வாதிடலாம். இந்தப் படி வரை வருவோர் குறைவு என்பதே எனக்கு வருத்தம். அறிவிப்புப் பலகை மரக்கிளைக்குள் மறைந்திருந்தது, கோடு தேய்ந்து போயிருந்தது, கட்டண இயந்திரம் பழுது, சரக்கு ஏற்றி இறக்க அனுமதி உள்ள இடம் என்ற வாதங்கள் படத்தோடு போனால் தீர்ப்பாயம் அவற்றைக் கவனமாகக் கேட்கும். இங்கிலாந்தில் கட்டணம் செலுத்திய நேரம் முடிந்த பின் பத்து நிமிடச் சலுகையும் உண்டு.

பதில் எழுதாமலே விட்டால் தொகை பாதி அளவு கூடும். அதன்பின் நோர்தாம்டனில் உள்ள போக்குவரத்து அமலாக்க மையத்தில் கடனாகப் பதிவாகி, வசூலிப்பு அதிகாரிகள் வாசலுக்கு வரும் நிலை உருவாகும். முந்தைய கடிதங்கள் உண்மையாகவே உங்களுக்கு வரவில்லை என்றால், டி.இ.9 என்ற சாட்சிக்கூற்றுப் படிவத்தால் வழக்கைப் பின்னுக்குக் கொண்டுபோகலாம். அதில் பொய் எழுதுவது நீதிமன்ற அவமதிப்பாகும்.

தனியார் தரிப்பிட நிறுவனத்தின் கோரிக்கை

கவுன்சிலின் சீட்டும் தனியார் கோரிக்கையும் இரண்டும் பி.சி.என். என்றே அச்சிடப்படுகின்றன, அதனால் அனுப்பியவரின் பெயரைப் பார்த்தே பிரித்தறிய வேண்டும். தனியார் நிறுவனத்துக்குத் தண்டம் விதிக்கும் அதிகாரம் இல்லை. பலகையில் எழுதிய நிபந்தனையை ஏற்று நிறுத்தினீர்கள், பிறகு மீறினீர்கள், ஆகவே பலகையில் சொன்ன தொகையைத் தர வேண்டும் என்பதே அவர்களின் வாதம். இந்த வாதம் வெற்றுப் பேச்சு என்று சொல்லும் பழைய அறிவுரை இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நம்பாதீர்கள். செம்ஸ்ஃபோர்டின் கடைத்தொகுதி ஒன்றில் இரண்டு மணிநேர இலவச எல்லையை 56 நிமிடம் தாண்டிய ஒருவரிடம் கேட்ட 85 பவுண் செல்லும் என்று உச்சநீதிமன்றம் 2015 நவம்பரில் தீர்ப்பளித்தது. அந்தப் பலகைகள் பெரிதாகவும் தெளிவாகவும் இருந்தன என்பது அத்தீர்ப்பின் முக்கியக் காரணங்களில் ஒன்று. ஆகவே பலகையின் எழுத்தளவு, நிற்கும் உயரம், இரவில் வெளிச்சம் உண்டா என்பவையே உங்கள் வாதத்தின் உயிர். கடிதம் வந்த வாரத்திலேயே அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ப் படம் எடுங்கள், பலகைகள் மாறிவிடும்.

அடுத்து பார்க்க வேண்டியது திகதி. 2012ஆம் ஆண்டின் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணைதான், ஓட்டியவர் யார் என்று தெரியாத நிலையிலும் பதிவில் பெயர் உள்ளவரிடம் பணம் கேட்கும் உரிமையை நிறுவனத்துக்குத் தருகிறது. அந்த உரிமைக்கு நிபந்தனைகள் உண்டு. கண்ணாடியில் சீட்டு ஒட்டாமல் கமராவை மட்டும் நம்பியிருந்தால், நிறுத்திய நாளுக்கு மறுநாளிலிருந்து 14 நாட்களுக்குள் கடிதம் உங்களிடம் சேர வேண்டும். சீட்டு ஒட்டியிருந்தால், 28 நாட்கள் கழிந்த பின் தொடங்கி 56 நாட்களுக்குள் சேர வேண்டும். காலம் தவறியிருந்தால் நிறுவனம் ஓட்டியவரிடம் மட்டுமே கேட்க முடியும். பொலிஸாருக்குச் சொல்வதுபோல, ஓட்டியவர் பெயரைத் தனியார் நிறுவனத்துக்குச் சொல்லும் சட்டக் கடமை உங்களுக்கு இல்லை. எனவே முதற்கடிதத்தில் “நான் நிறுத்தினேன்” என்று எழுதிவிடாமல், “வாகனத்தின் பதிவில் பெயர் உள்ளவர் என்ற முறையில் எழுதுகிறேன்” என்று தொடங்குவது அறிவுடைமை. விமான நிலையம், ரயில் நிலையம் போன்று தனித் துணைவிதிகள் ஆளும் நிலங்களுக்கு இந்த அட்டவணை பொருந்தாது. ஸ்கொட்லாந்துக்கும் இது பொருந்தாது.

நிறுவனத்திடம் 28 நாட்களுக்குள் எழுத்தில் முறையிடுங்கள். அவர்கள் மறுத்தால், அவர்கள் சேர்ந்துள்ள சங்கத்தைப் பொறுத்துப் பொப்லா அல்லது ஐ.ஏ.எஸ். என்ற இலவச மேன்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். உடல்நலமின்மை, வாகனப் பழுது, இயந்திரத்தில் இலக்கத்தகட்டின் ஓர் எழுத்து மாறிப்போனது ஆகியவற்றைச் சான்றுடன் சொன்னால் நிறுவனமே விட்டுக்கொடுப்பதும் உண்டு. கடையில் பொருள் வாங்கிய ரசீது இருந்தால் கடை முகாமையாளரிடம் நேரில் பேசுங்கள். கோரிக்கையை ரத்துச்செய்யச் சொல்லும் செல்வாக்கு நிலத்தின் உரிமையாளருக்கு உண்டு. பல நேரங்களில் இதுவே மிக விரைவான வழி.

பிறகு வரும் சிவப்பு எழுத்துக் கடன் வசூலிப்புக் கடிதங்கள் மனத்தை அச்சுறுத்தும் நோக்கம் கொண்டவை. அந்த நிறுவனங்களுக்கு உங்கள் வீட்டுக்குள் வரவோ பொருளை எடுக்கவோ அதிகாரம் இல்லை. நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் கடன் தகுதியிலும் கறை விழாது. ஆனால் இரண்டு கடிதங்களை ஒருபோதும் ஒதுக்காதீர்கள். ஒன்று, வழக்குக்கு முந்திய கடிதம். இதற்குப் பதிலளிக்க 30 நாட்கள் உண்டு. மற்றது மாவட்ட நீதிமன்றத்தின் கோரிக்கைப் படிவம். அது சேர்ந்த 14 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அந்த 14 நாட்களுக்குள் வழக்கைப் பெற்றுக்கொண்டதாக இணையவழியில் அறிவித்தால், தற்காப்பை அனுப்ப மொத்தம் 28 நாட்கள் கிடைக்கும். பதில் இல்லாவிட்டால் உங்களுக்கு எதிராகத் தானாகவே தீர்ப்பு விழும், சி.சி.ஜே. எனப்படும் அந்தப் பதிவு ஆறு ஆண்டுகள் நிற்கும். ஒரு மாதத்துக்குள் முழுத்தொகையும் கட்டினால் பதிவு நீக்கப்படும். நூறு பவுண் கோரிக்கை ஒன்று வீடு வாங்கும் கனவைத் தள்ளிப்போடுவதைப் பார்ப்பது கொடுமை. முழுதும் தவிர்க்கக்கூடிய கொடுமை.

விபத்து நடந்தவுடன்

மற்றொருவரின் வாகனத்துக்கோ சொத்துக்கோ சேதம் அல்லது யாருக்கேனும் காயம் ஏற்பட்டால் நிறுத்தியே ஆக வேண்டும். கேட்பதற்கு நியாயமான காரணம் உள்ள எவருக்கும் பெயர், முகவரி, வாகன இலக்கம், உரிமையாளர் விவரம் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாமல் போனால், முடிந்தவரை விரைவாக, எப்படியும் 24 மணிநேரத்துக்குள், பொலிஸாரிடம் அறிவிக்க வேண்டும். 24 மணிநேரம் என்பது அவகாசம் அல்ல, வெளி எல்லை. தரிப்பிடத்தில் ஆளில்லாத வாகனத்தை இடித்தவருக்கும் இதுவே கடமை. நாய், குதிரை, மாடு, ஆடு, பன்றி போன்றவற்றில் மோதினாலும் அறிவிக்க வேண்டும்.

மரியாதைக்காகக்கூட அந்த இடத்தில் தவறு என்னுடையது என்று சொல்லாதீர்கள். நலம் விசாரிக்கலாம், உதவலாம். வாகனங்களை நகர்த்துவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். வீதிக் குறியீடுகளும் மற்றவரின் இலக்கத்தகடும் தெரிய வேண்டும். சாட்சியின் தொலைபேசி எண்ணை அப்போதே வாங்குங்கள். இழப்பீடு கேட்காவிட்டாலும் உங்கள் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். ஒப்பந்தம் பெரும்பாலும் அதைக் கட்டாயமாக்குகிறது. “கையில் 300 பவுண் தருகிறேன், காப்புறுதிக்குப் போகவேண்டாம்” என்று இருவரும் இணங்கிய பிறகு, மூன்று மாதம் கழித்துக் கழுத்துக் காயத்துக்கான கோரிக்கை வருவது நடக்கிறது. மற்றவருக்குக் காப்புறுதி இல்லை, அல்லது இடித்துவிட்டு ஓடிவிட்டார் என்றால், மோட்டார் காப்புறுதியாளர் பணியகத்திடம் கோரலாம்.

வாகனம் பழுதுபார்க்க முடியாதது என்று முடிவாகி, காப்புறுதி நிறுவனம் குறைந்த விலை சொன்னால் முதல் தொகையை ஏற்க வேண்டியதில்லை. அதே மாதிரி, அதே வயது, ஏறக்குறைய அதே மைல் ஓடிய வாகனங்களின் விற்பனை விளம்பரங்களைச் சேர்த்து எழுத்தில் முறையிடுங்கள். எட்டு வாரங்களில் தீராவிட்டால், அல்லது இறுதிப் பதில் வந்த ஆறு மாதங்களுக்குள், நிதிக் குறைகேள் அதிகாரியிடம் கட்டணமின்றிப் போகலாம்.

காப்புறுதியும் வெளிநாட்டு அனுமதிப்பத்திரமும்

இந்திய, இலங்கை அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள் ஓட்டலாம். அதன்பின் தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுத்து இரு சோதனைகளிலும் தேற வேண்டும். நேரடியாக மாற்றிக்கொள்ளும் நாடுகளின் பட்டியலில் இவ்விரண்டும் இல்லை. பதின்மூன்றாம் மாதத்தில் ஓட்டுபவர் அனுமதிப்பத்திரம் இல்லாதவர் ஆகிறார். காப்புறுதியும் அதோடு கேள்விக்குள்ளாகும். காப்புறுதி இல்லாமல் ஓட்டியதற்கு 300 பவுணும் 6 புள்ளிகளும், நீதிமன்றம் போனால் வரம்பற்ற தண்டமும் தடையும் வரலாம். வாகனத்தையும் அங்கேயே பறிமுதல் செய்வார்கள்.

மகன் தினமும் ஓட்டும் வாகனத்தைத் தந்தையின் பெயரில் எடுத்து மகனை இரண்டாம் சாரதியாகப் போடுவது கட்டணத்தைக் குறைக்கும் தந்திரம் என்று பரவலாக எண்ணப்படுகிறது. அது மோசடி. பெரிய விபத்தில் நிறுவனம் மற்றவருக்கு இழப்பீடு கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தைக் குடும்பத்திடமிருந்தே திரும்பக் கேட்கலாம். பகுதிநேரமாக உணவு விநியோகம் செய்பவர்கள், சாதாரணக் காப்புறுதி அந்த வேலையை உள்ளடக்காது என்பதையும் கவனிக்க வேண்டும். வீதியில் ஓட்டாமல் நிறுத்தி வைத்த வாகனத்துக்கும் காப்புறுதி வேண்டும். இல்லையேல் வாகனம் வீதியில் இல்லை என்று டி.வி.எல்.ஏ.-க்குத் தெரிவிக்கும் ஸோர்ன் அறிவித்தலைக் கொடுத்துத் தனியார் நிலத்தில் வைத்திருக்க வேண்டும். வாகனம் கைமாறும்போது வீதி வரி அதோடு போகாது. வாங்கியவர் ஓட்டிச் செல்வதற்கு முன்பே புதிதாக வரி கட்ட வேண்டும். விற்றவர் அன்றே டி.வி.எல்.ஏ.-க்கு அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்கியவரின் தண்டங்கள் விற்றவருக்கே வரும்.

விற்பனையாளரிடம் வாங்கிய பழைய வாகனத்தில் பெரிய குறை இருந்தால், 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாட்களுக்குள் திருப்பிக்கொடுத்து முழுப்பணம் கேட்கலாம். அதன்பின் ஆறு மாதம் வரை, ஒருமுறை திருத்தும் வாய்ப்பை அவருக்குத் தர வேண்டும். தனி ஆளிடம் வாங்கினால், விளம்பரத்தில் பொய் சொன்னாரா என்பதை மட்டுமே வைத்து வாதிட முடியும்.

நீதிமன்றம் வரை போனால்

உங்கள் பின்னால் தீர்ப்பு வழங்கப்பட்டது, வழக்கு நடந்ததே தெரியாது என்றால், தெரிந்த 21 நாட்களுக்குள் நீதவான் நீதிமன்றத்தில் சத்தியக்கூற்றுச் செய்து வழக்கை முதலிலிருந்து தொடங்க வைக்கலாம். வேகமீறல் போன்ற வழக்குகளுக்கு அரச சட்ட உதவி பொதுவாகக் கிடைக்காது. ஆனால் உங்கள் காப்புறுதியிலோ தொழிற்சங்க உறுப்புரிமையிலோ சட்டச் செலவுப் பாதுகாப்பு சேர்ந்திருக்கலாம், ஒப்பந்தத்தைப் பாருங்கள். தனியார் தரிப்பிடக் கோரிக்கைக்குச் சட்டத்தரணி தேவைப்படுவது அரிது. இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகம் போதும். அனுமதிப்பத்திரம் பறிபோகும் நிலை, அபாயகரமாக ஓட்டிய குற்றச்சாட்டு, யாருக்கேனும் காயம் ஏற்பட்ட வழக்கு ஆகியவற்றில் மட்டும் பணம் செலவழித்தாலும் நல்ல சட்டத்தரணியைப் பிடியுங்கள்.

ஆங்கிலத்தில் தயக்கம் உள்ளவர்கள் குற்றவியல் வழக்கில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டுப் பெறலாம், அதற்குக் கட்டணம் இல்லை. பிள்ளையையோ நண்பரையோ மொழிபெயர்க்க அழைத்துப் போகாதீர்கள். ஒரு சொல் மாறினால் வாக்குமூலம் மாறிவிடும். வருமானப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் நீதிமன்றம் தானே ஒரு வருமானத்தை ஊகித்துத் தண்டத்தைக் கணிக்கும். குறைந்த சம்பளக்காரருக்கு அது உண்மையைவிட அதிகமாக அமையும். தொகையை ஒரே தடவையில் கட்ட முடியாதவர்கள் தவணையில் கட்ட அன்றே அனுமதி கேட்கலாம்.